எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று

எதிரே வருகிற முகங்களை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே கோகிலம் நடந்தாள். அவர் முகம் மட்டும் வரவில்லை. காலையில் துணி ஊறவைக்கும்போது, நேற்று அவர் போட்டிருந்த சட்டைப் பையில் அந்த மாத்திரை அட்டை கையில் தட்டுப்பட்டது. நெஞ்சு பிடித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு மனிதர் வாக்கிங் போய்விட்டார். சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வாசலைப் பூட்டினோமா இல்லையா என்றுகூட நினைவில்லாமல், ஷேர் ஆட்டோவில் ஏறி நரியங்குளத்துக்கு வந்து சேர்ந்தாள். குளத்தைச் சுற்றிக் கல் பதித்த நடைபாதை, ஒரு சுற்று மூன்று கிலோமீட்டர், இரண்டரைச் சுற்றுக்குப் பத்தாயிரம் அடி. எல்லாம் அவர் வாயால் கேட்டுத் தெரிந்ததுதான், இந்த எட்டு மாதத்தில் அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. கேட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்று யோசித்தாள். கோயிலைச் சுற்றுகிற மாதிரி எல்லாரும் தண்ணீரை வலது பக்கம் வைத்துக்கொண்டு போகிறார்கள். இவர்கள் பின்னாலேயே போனால் முதுகுகளைத்தான் பார்க்கலாம், மூட்டு வலிக்காரி அவரை எங்கே எட்டிப் பிடிப்பது. எதிர்ப்பக்கமாகப் போனால் எப்படியும் பாதி தூரத்துக்குள் மனிதர் நேருக்கு நேராக வந்துதானே ஆக வேண்டும். இப்படி யோசித்ததில் அவளுக்கே தன்மேல் கொஞ்சம் பெருமை. நூறு அடி போவதற்குள் தொப்பி போட்ட ஒருத்தர் கையை நீட்டி மறித்தார். "ஏனுங்கம்மா, எதுக்கால வர்றீங்களே, இங்க எல்லாரும் வலமாத்தானுங் போவோணும்." எங்கூட்டுக்காரரைத் தேடுகிறேன் என்றாள், பேர் நாச்சிமுத்து, மில்லில் ஃபிட்டராக இருந்தவர், மாநிறம், கொஞ்சம் கூன் போட்டு நடப்பார். அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "அஞ்சு வருசமா வர்றனுங், அப்பிடி ஒருத்தர நம்ம சுத்துல பாத்ததில்லீங்களே." என்னமோ ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் மடியில் வைத்து வளர்த்தவர் மாதிரி பேச்சு. கோகிலம் விலகி நடந்தாள்.

இடப்பக்கமாகச் சுற்றுவது நல்லதில்லையே என்று பாழாய்ப்போன மனசு அப்போதுதான் எடுத்துக் கொடுத்தது. தெரியாமல் செய்தால் பரவாயில்லை, தெரிந்தே செய்கிறாள். ஆனால் இது என்ன கோயிலா, குளம்தானே, ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை, அதன் நடுவே தண்ணீர்ப் பாட்டில்கள். ஆகாததெல்லாம் நேற்றே நடந்து முடிந்துவிட்டது, இனி என்ன ஆக இருக்கிறது. நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், கொழுப்பு இறங்கவில்லை, சர்க்கரை ஏறியிருக்கிறது, ரத்தக் குழாயில் அடைப்பு இன்னும் கூடியிருக்கிறது. பிறகு இவரிடம் கேட்டார், வாக்கிங் போகிறீர்களா என்று. இவர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மகள் பிரபா பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய கடிகாரம், அடியையும் எண்ணும், நாடியையும் எண்ணும். டாக்டர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, பிரமாதம், ஒரு நாள் தவறாமல் பத்தாயிரம், நாடித்துடிப்பு இளவட்டத்துக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம்தான் நாற்காலியைக் கோகிலத்தின் பக்கம் திருப்பினார். "மாத்திரை சரியா போடறாரு, நடையும் சரியா நடக்கறாரு. அப்போ தப்பு எங்க இருக்கு? சமையலறைலதான்மா இருக்கு. நீங்க என்ன சமைக்கறீங்க?" என்ன சமைக்கிறாள்? உப்பில்லாத கொள்ளு ரசம் சமைக்கிறாள். எண்ணெய் காட்டாத கீரை சமைக்கிறாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டதில்லை. ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள், அவர் சாப்பிடாததை நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று தன் தட்டிலும் அதே சப்பென்ற சோற்றைத்தான் போட்டுக்கொண்டாள், அண்ணன் பேத்தி காதுகுத்தில்கூடப் பந்தியில் உட்காராமல் வந்தாள். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் சொல்வார் என்று பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் இவ்வளவு தூரம் நடந்தும் இப்படி என்றால் மருந்தை நம்பிப் பயனில்லை, நெஞ்சைத் திறந்து செய்வதுதான் வழி, நாளைக்கு இன்னும் இரண்டு டாக்டர்களோடு சேர்ந்து முடிவு செய்கிறேன், வாருங்கள் என்று அனுப்பிவிட்டார் டாக்டர். அந்த நாளைதான் இன்று. இன்று பதினோரு மணிக்கு.

மணி ஆறே முக்கால் இருக்கும். பெண்கள் கூட்டம் ஒன்று சிரித்துக்கொண்டே கடந்து போனது, அவர்களிடமும் கேட்டாள், அவர்களுக்கும் தெரியவில்லை. பாதி தூரம் வந்திருப்பாள். வந்திருக்க வேண்டுமே இந்நேரம்? எதிரே வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வேட்டி கட்டிய உருவம் தூரத்தில் தெரிந்தால் நிம்மதி, கிட்டே வந்ததும் வேறு யாரோ. எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ. பாதையின் ஓரத்தில், புதருக்குப் பின்னால், தண்ணீர்ப் பக்கச் சரிவில் எட்டி எட்டிப் பார்த்தாள். விழுந்தால் எப்படி விழுவார் என்று அவளுக்குத் தெரியும், முதல் தடவை நெஞ்சு பிடித்த அன்று பார்த்திருக்கிறாள். ரேஷன் கடைக்கு இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள், அவர் வழக்கம்போல நாலு எட்டு முன்னால், திடீரென்று நின்றார், ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். பை உருண்டு போனது. அவள் போட்ட கூச்சலில்தான் ஆட்டோக்காரர் ஓடி வந்தார். அந்த முகம், அவளைத் திரும்பிப் பார்த்த அந்த முகம், ராத்திரி கண்ணை மூடினால் இன்றைக்கும் வரும். அதற்குப் பிறகு தினமும் காலை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நிற்பாள். ஐந்தே முக்காலிலிருந்து ஏழரை வரை எந்த வேலையும் ஓடாது. பத்தாயிரம் ஆனவுடன் தனக்கும் அம்மாவுக்கும் தானாகச் செய்தி வருகிற மாதிரி பிரபா அந்தக் கடிகாரத்தில் அமைத்துக் கொடுத்திருந்தாள், அதற்குள்ளேயே செய்திக்கு மட்டும் ஒரு தனி சிம், ஃபோனை அவர் எடுத்துப் போவதில்லை. ஃபோன் டிங் என்று அடித்ததும்தான் கோகிலம் மூச்சு விடுவாள். இருக்கிறார். இன்றைக்கும் இருக்கிறார். பிறகுதான் பால் அடுப்பில் ஏறும்.

அந்தக் கடிகாரம்தான் இப்போது எதிரே வந்தது. முதலில் அவள் ஆளைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். வேகமாக முன்னும் பின்னும் வீசி வருகிற கை, அதில் கறுப்புப் பட்டை, பட்டையின் நுனியைச் செருகுகிற வளையம் இருக்கும் இடத்தில் பச்சை நூல். வளையம் போன மாசியில் அறுந்து போனது, ஜாக்கெட் தைத்து மிச்சமிருந்த நூலை நாலு மடிப்பாக்கி அவள்தான் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். அந்தத் தையலை அவள் இருட்டில்கூட அடையாளம் சொல்வாள். இடது கையிலும் ஒரு கடிகாரம். இரண்டு கையிலும் இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டு, வெள்ளை ட்ராக் பேண்டும் விசிலும் வெட்டி விட்ட மீசையுமாக எழுபது வயது மனிதர் ராணுவ நடை போட்டு வருகிறார். விழுந்து கிடந்தவர் கையிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வருகிறான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். அந்நிய ஆம்பிளையின் கையைப் பிடிப்பது கல்யாணமான இந்த முப்பத்தி நாலு வருடத்தில் இதுதான் முதல் தடவை, அதெல்லாம் அப்புறம்தான் உறைத்தது. "எங்க அவரு? அவர என்ன பண்ணுனீங்?" என்று கத்தினாள். அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார், பச்சை நூலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாச்சிமுத்து சார் வீட்டம்மாவா?" என்றார் மெல்ல. "பயப்படாதீங்கம்மா. நல்லா இருக்காரு. கேட்டுல நொழஞ்சதும் இடப்பக்கம் பம்பு ரூம் இருக்கில்ல, அதுக்குப் பின்னால பெஞ்சுல உக்காந்திருக்காரு."

நல்லா இருக்கிறார் என்கிற வார்த்தையைக் கேட்டதும் அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டாள். சாமி காப்பாற்றியது. அந்த ஒரு நொடி நன்றியாகவே இருந்தது, அந்த மீசைக்காரரைக் கையெடுத்துக் கும்பிடக்கூட இருந்தாள். அடுத்த நொடிதான் கேள்வி வந்தது. உட்கார்ந்திருக்கிறார் என்றால்? கடிகாரம் உங்கள் கையில் எதற்கு? அவர் விசிலைத் திருகிக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் குளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பேர் தேவசகாயம், பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "மொத நாளு வந்தாரும்மா. பத்தடி நடந்திருப்பாரு, அப்பிடியே நின்னுட்டாரு. வேர்த்துக் கொட்டுது. என்ன சார்னு கேட்டேன். நடந்தா மறுபடி புடிச்சிக்கும்னு பயமா இருக்கு, நடக்கலைன்னா வீட்ல தெரிஞ்சிரும்னு சொல்லிட்டு அழுதுட்டாரும்மா. சின்னப் புள்ள மாதிரி. ரெண்டு நாளைக்குக் கட்டிக்கிட்டு நடங்க வாத்தியாரே, பயம் தெளிஞ்சதும் நானே நடந்துக்கறேன்னாரு. நான் எப்பிடியும் நடக்கறவன்தான். சரின்னு கட்டிக்கிட்டேன்." ரெண்டு நாள். "எட்டு மாசங்" என்றாள் கோகிலம். "தப்புதாம்மா" என்று தலையைக் குனிந்தார் வாத்தியார். கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை. நீங்களே கட்டிக்கொண்டு நடங்கள், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குமே என்று சொல்லிவிட்டு மேலே நடந்தாள், அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம்.

அப்படியானால் நேற்று டாக்டர் பிரமாதம் என்று மெச்சியது இந்த டிரில் வாத்தியாரின் இதயத்தை. இளவட்ட நாடித்துடிப்பு. அப்பா ஹார்ட் சூப்பரா இருக்கும்மா என்று பிரபா ஃபோனில் குதித்ததும் இந்த வாத்தியார் இதயத்தைப் பார்த்துத்தான். அந்த இதயத்துக்காகத்தான் கோகிலம் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு ஏற்றினாள். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, வந்தால் நிற்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எவ்வளவு நேர்த்தியாக அவள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார் மனிதர். வீட்டுக்கு வந்ததும் உஸ் அப்பா என்று நாற்காலியில் சாய்வாரே, வெந்நீர் வைத்துக் கொடுப்பாளே, கால் வலிக்கிறதா என்று விளக்கெண்ணெய் தேய்த்து நீவி விடுவாளே, தன் மூட்டு வலியோடு தரையில் உட்கார்ந்து நீவினாளே, நடக்காத காலை. வேண்டாம் விடு என்று ஒரு நாளாவது சொன்னாரா? நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போய் இரண்டு முழம் ஜாதிமல்லி வாங்கி வந்தார். கல்யாணமான புதிதில் வாங்கியது, அப்புறம் நேற்றுத்தான். டாக்டர் திட்டியது தாங்காமல் மனிதருக்கு நம்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று அவள் பஸ்ஸிலேயே கண் கலங்கினாள், மடச்சி. அது இரக்கமில்லை. குற்றவாளி கொடுத்த பூ. அதைத் தலையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் யோசித்தாள், எதில் தவறு செய்தேன், அரிசி களைவதிலா, தாளிப்பதிலா, அந்தத் தீபாவளிக்கு ஒரே ஒரு அதிரசம் கொடுத்தேனே, அதனாலா. தன் கையாலேயே கட்டினவனைக் கொன்றுகொண்டிருக்கிறோமோ என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவளுக்குத் தெரியும், தூங்கும்போது அவருக்குக் குறட்டை வரும். நேற்றுக் குறட்டை இல்லை. விழித்துக்கொண்டு, அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் படுத்திருந்தார்.

இந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடித்தது. குழந்தைகளுக்குப் போட்ட ஊஞ்சல், பெரியவர்களுக்குப் போட்ட இரும்புச் சாமான்கள், அதில் ஒருத்தி இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தாள். முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது, உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் எழ முடியாது. கோகிலத்துக்கு இன்னொன்று தோன்றியது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் ஒரு நாள் சாய்ந்திருந்தால்? ஃபோன் டிங் என்று அடித்திருக்கும். பத்தாயிரம் வந்திருக்கும். அவள் மூச்சு விட்டு, பாலை அடுப்பில் ஏற்றியிருப்பாள். பம்பு ரூமுக்குப் பின்னால் அவர் செத்துக் கிடக்க, அவர் உயிரோடு நடக்கிறார் என்று கடிகாரம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். எட்டு மாதமாக அவள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரே கயிறு அது, அதன் மறுமுனை யார் கையிலோ இருந்திருக்கிறது. பொய் சொன்னது பெரிதில்லை. ஆம்பிளைகள் பொய் சொல்வார்கள், பீடியை ஒளித்து வைத்து அவர் சொல்லாத பொய்யா. ஆனால் பயமாக இருக்கிறது என்று அந்த மீசைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அழுதிருக்கிறார். அவர் அம்மா செத்த அன்றைக்குக்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்ட மனிதர், முகம் தெரியாத ஒருத்தர் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதிருக்கிறார். ரேஷன் கடை ரோட்டில் விழுந்தபோது அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது அவள்தானே, அந்தப் பயத்தைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்தவள் அவள்தானே, அவளிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, வாங்க, கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடப்போம், நாளைக்குத் தெருமுனை வரை நடப்போம் என்று சொல்லியிருப்பாளே. அதைச் சொல்ல விடாமல் செய்துவிட்டார். அதுதான் பொறுக்கவில்லை. சரி, போகட்டும். பம்பு ரூமின் மஞ்சள் சுவர் தெரிந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவராக வாய் திறந்து நடக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதோடு விட்டுவிடலாம். பதினோரு மணிக்கு டாக்டரிடமும் அவரே சொல்லிவிடுவார், நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்று அவர்கள் உண்மையை வைத்து முடிவு செய்துகொள்வார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேட்டிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம்தான், எல்லாரையும் போல வலமாகச் சுற்றப் போயிருந்தால் இரண்டு நிமிடத்தில் வந்திருப்பாள். அவளைக் கண்டதும் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தார். வெறும் மணிக்கட்டின்மேல் தானாக மற்றக் கை வந்து மூடிக்கொண்டது. "ஏன் கோகிலம், நீ எங்க இங்க?" அவள் அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டையைச் செருகினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், காத்திருந்தாள். நடந்து வந்த மூச்சு அவளுக்குத்தான் வாங்கியது. சொல்லுங்கள், இப்போது சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் அவரைப் பிடித்துத் தள்ளினாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வியர்க்காத நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

"இப்பத்தான் ரெண்டு ரவுண்டு முடிச்சுட்டு உக்காந்தேன்" என்றார்.

"வாத்தியாரப் பாத்தனுங்" என்றாள் கோகிலம்.

துண்டு நெற்றியிலேயே நின்றது. இறக்கியபோது கண் சிவந்திருந்தது. ஐயோ பாவம் என்றுகூட அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது அவர் கேட்டார், "பிரபாகிட்டச் சொல்லிட்டயா?"

நீ எப்படி இருக்கிறாய் என்று இல்லை. நேற்று உன்னைத் திட்டும்போது சும்மா இருந்துவிட்டேனே என்று இல்லை. கோகிலம் ஃபோனை எடுத்தாள். நேற்று நர்ஸ் சொல்ல ஃபோனில் பதிந்து வைத்திருந்த ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவர் கையில் வைத்தாள். "இந்தாங். நடக்கலைன்னு நீங்களே சொல்லுங். என்ற சமையல்ல தப்பில்லைன்னும் சொல்லுங். பதினோரு மணிக்கு முன்னால டாக்டருக்குத் தகவல் போயாவோணும்." சுடு பாத்திரத்தைப் பிடித்த மாதிரி அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஹலோ, சொல்லுங்க, ஹார்ட் வார்டு" என்று ஒரு பெண்ணின் குரல் வெளியே கேட்டது. அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஒரு முறை குளத்தைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார். பிறகு, "இருங்க, என்ற சம்சாரம் பேசுவாங்க" என்று சொல்லி ஃபோனை அவளிடம் நீட்டினார்.

நீட்டிய கையை அவள் பார்த்தாள். மில் ஆபீசரிடம் லீவு கேட்டுப் பேசியது அவள், பங்காளிச் சண்டையில் தெருவில் நின்று பேசியது அவள், பிரபாவுக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசியது அவள், இவர் எல்லா இடத்திலும் நாலு எட்டு முன்னால் நடந்து போய், பேச வேண்டிய இடம் வந்ததும் பின்னால் வந்து நின்றுகொள்வார். கோகிலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குப் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்" என்றாள், திரும்பி நடந்தாள். ஹலோ, ஹலோ, யாருங்க பேசறது என்று ஃபோன் பின்னால் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான், நாச்சிமுத்துங் என்று அவர் குரல் கேட்டது, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் போதும், போய் ஃபோனை வாங்கித் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் திரும்பாமல் நடந்தாள்.